மூன்று வயலின்களுக்குப் பிறகு

உட்காருங்கள், டீ கொதிக்கிறது. நீங்கள் அனுப்பிய காணொளியை நேற்று இரவே பார்த்துவிட்டேன். ஹிமாரி என்கிற அந்த ஜப்பானியச் சிறுமி 2011-ல் பிறந்தவள். 2025 மார்ச்சில் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முன்னால் நின்று வெனியாவ்ஸ்கியின் முதல் வயலின் கான்செர்ட்டோவை வாசித்தபோது அவளுக்கு வயது 13. வாசிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காணொளியோடு நீங்கள் கேட்டிருந்த கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள்?

பொதுப்படையாகப் பதில் சொன்னால் உங்களுக்கும் திருப்தி வராது, எனக்கும் வராது. ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். ஹிமாரி பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1971 அக்டோபர் 25 அன்று ஒசாகாவில் பிறந்த மிடோரி. ஜப்பானிய மொழியில் மிடோரி என்றால் பச்சை. முழுப்பெயர் கோட்டோ மிடோரி. ஆனால் உலக மேடைகளில் அவருக்கு இருப்பது மிடோரி என்ற ஒற்றைப் பெயர்தான். 1983-ல் பெற்றோர் பிரிந்த பிறகு குடும்பப் பெயரை அவர் மேடையில் சொல்வதில்லை. குடும்பப் பெயரை முன்னால் வைத்துத்தான் ஒருவரை அழைக்கும் நாடு அது. நமக்கு ஒற்றைப் பெயர் பழக்கம், அங்கே அப்படி இல்லை.

அம்மா செட்சு கோட்டோ வயலின் வாசிப்பவர். அவர் ஒத்திகை பார்க்கும் அரங்கத்திலேயே குழந்தையும் தூங்கும். இரண்டு வயதில் குழந்தை ஏதோ முணுமுணுப்பதைக் கேட்ட அம்மா நின்று கவனித்திருக்கிறார். அது சில நாட்களுக்கு முன் அவர் ஒத்திகை பார்த்த பாக்கின் இசை. மூன்றாவது பிறந்தநாளுக்குக் கையில் ஒரு வயலின் வந்தது. பதினாறில் ஒரு பங்கு அளவு என்று அதைச் சொல்வார்கள். நிஜத்தில் அது அவ்வளவு சின்னது அல்ல, கழுத்தை விட்டு உடற்பகுதியின் நீளம் மட்டும் சுமார் 23 சென்டிமீட்டர் இருக்கும். முழு வயலினுக்கு அது 35 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பிள்ளை வளர வளர வயலினையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும், பள்ளிச் சீருடையைப் போல. இந்த அளவு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஆறு வயதில் ஒசாகாவில் பகனினியின் ஒரு காப்ரீஸை வாசித்து முதல் மேடை. 1982-ல் அம்மாவும் மகளும் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஜூலியார்ட் இசைப்பள்ளியில் டோரதி டிலே என்ற ஆசிரியர் இருந்தார். இட்ஸாக் பெர்ல்மன், கில் ஷஹாம், பின்னாளில் சாரா சாங் என்று பெரிய பட்டியலே அவர் கையில் உருவானது. அவருக்கு முன் வாசித்துக்காட்ட மிடோரி எடுத்துக்கொண்டது பாக்கின் சகோன். சுமார் கால்மணி நேரம், பக்கவாத்தியம் கிடையாது, ஒரே ஒரு வயலின். நான்கே தாள வட்டங்கள் கொண்ட ஒரு சின்ன வடிவம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் வேறு முகத்தோடு. விரல் வேகத்தால் மட்டும் கரையேற முடியாத இசை அது. அதை ஒரு குழந்தை தேர்ந்தெடுத்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பர் 31 இரவு. மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா அப்போது நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்திக்கொண்டிருந்தார். புத்தாண்டு முன்னிரவுக் கச்சேரியில், நிகழ்ச்சி நிரலில் சொல்லாமல், 11 வயது மிடோரியை மேடையேற்றினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். இனி டேங்கிள்வுட்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கோடைகாலத்தில் தங்கி வாசிக்கும் இடம் அது. 1986 ஜூலை 26, புழுக்கமான இரவு. மிடோரிக்கு வயது 14. வாசிக்க வேண்டியது லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1954-ல் எழுதிய செரனேட், இசைக்குழுவை நடத்துபவரும் அதே பெர்ன்ஸ்டைன். இயற்றியவரே எதிரில் நின்று கோலை அசைக்கும்போது வாசிப்பது எப்படி இருந்திருக்கும்! பிளேட்டோவின் விருந்து உரையாடலை வைத்து எழுதிய ஐந்து பகுதிகள், ஏறத்தாழ அரைமணி நேரம். ஐந்தாவதுதான் நீளமானது. அதில் போய்க்கொண்டிருக்கும்போது ஈ தந்தி அறுந்தது.

வயலினின் நான்கு தந்திகளை அங்கே ஜி, டி, ஏ, ஈ என்பார்கள். நம் கச்சேரிகளில் பாடுபவரின் சுருதிக்குத் தக்கபடி தந்திகளை இறக்கிக் கட்டிக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை, எல்லோருக்கும் ஒரே சுருதி. ஈ தந்திதான் இருப்பதிலேயே மெல்லியது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி, அதன்மேல் கிட்டத்தட்ட 8 கிலோ இழுவை. அறுவது அதிசயமே இல்லை. இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தனி வாசிப்பவர் தன் வயலினை கான்செர்ட்மாஸ்டர் என்ற தலைமை வயலின்காரரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்வார். தலைமை வயலின்காரர் பக்கத்தில் இருப்பவருடையதை வாங்கிக்கொள்வார். அறுந்த வயலின் பின்வரிசைக்குப் போய்த் தந்தி மாற்றிக்கொண்டு வரும்.

மிடோரி அப்படியே செய்தாள். தலைமை வயலின்காரர் மால்கம் லோவின் ஸ்ட்ராடிவேரியஸை வாங்கித் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் அதிலும் ஈ தந்தி அறுந்தது. இந்தத் தடவை லோவின் கையில் இருந்தது துணைத் தலைமை வயலின்காரர் மேக்ஸ் ஹோபார்ட்டின் குவாதனீனி வயலின். அதை வாங்கி முடிவுவரை வாசித்தாள்.

அளவை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். அவள் அன்று கொண்டுவந்த சொந்த வயலின் முழு அளவைவிடச் சிறியது. வாங்கிய இரண்டும் முழு அளவு. வயலினில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பது கைக்கு மட்டும் தெரிந்த கணக்கு. தந்தி நீளம் கொஞ்சம் மாறினால் ஒவ்வொரு சுவரத்தின் இடமும் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும், அவ்வளவு போதும் அபசுவரத்துக்கு. கழுத்தின் தடிமன், தாவாய்க்கட்டையின் உயரம், வில் அழுத்தத்துக்கு வயலின் தரும் பதில் எல்லாமே வேறு. அந்தப் பிள்ளை ஒரே பகுதிக்குள் இரண்டு முறை தன் கையின் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டாள். முடிந்ததும் பெர்ன்ஸ்டைன் அவளைக் கட்டிக்கொண்டார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அந்த ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. அதில் அவள் முகத்தைப் பாருங்கள், பதற்றத்தின் சாயல்கூட இல்லை. தந்தி அறுந்துவிட்டது, இசையை நிறுத்த எனக்கு மனமில்லை என்ற பொருளில் அவள் பிறகு சொன்னாள்.

இசையை நிறுத்த மனமில்லை என்ற அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது. ஏனென்றால் எட்டு வருடத்தில் அவர் நிறுத்த வேண்டி வந்தது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1987-ல், 15 வயதில், ஜூலியார்டை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞரானார். 1990 அக்டோபரில், 19-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன், கார்னகி அரங்கில் தனிக்கச்சேரி. ஒலித்தட்டுகள், விமானங்கள், விடுதிகள்.

1994-ல் கச்சேரிகள் ரத்தாயின. ஜீரணக் கோளாறு என்று வெளியே சொல்லப்பட்டது. உண்மை என்ன என்பதை அவரே பின்னாளில் எழுதினார். 2004-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பின் பெயர் ஐன்ஃபாக் மிடோரி, அதாவது வெறுமனே மிடோரி. உணவை ஒதுக்க வைக்கும் அனோரெக்சியா என்ற நோயையும் மனச்சோர்வையும் மருத்துவமனையில் இருந்ததையும் அதில் ஒளிக்காமல் சொன்னார். மேடையில் பிழையே செய்யாதவர் என்று உலகம் பார்த்த ஒருவர் இதை எழுத முன்வந்தது டேங்கிள்வுட் இரவைவிடப் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன். அந்த நோய்களை விருப்பமின்மை என்றும் பிடிவாதம் என்றும் பேசுகிறவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். அவை நோய்கள். சிகிச்சை வேண்டும், காலம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

இனி வருவதுதான் உங்கள் கேள்விக்கான பதில். குணமாகி மேடைக்குத் திரும்பினார் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். திரும்பினார், ஆனால் படிக்கவும் போனார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர் தனக்கு வேண்டிய பாடத்திட்டத்தைத் தானே கட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் கல்லூரி அது. அவர் எடுத்தது உளவியலும் பாலின ஆய்வும். 2000-ல் சிறப்புத் தகுதியோடு இளநிலைப் பட்டம், 2005-ல் உளவியலில் முதுநிலைப் பட்டம். அந்த ஆண்டுகளில் கச்சேரிகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. மூன்று வயதிலிருந்து ஒரே வேலைக்காக வளர்க்கப்பட்ட ஒருவர், 30 வயதை ஒட்டி, தேர்வு எழுதும் சாதாரண மாணவராக உட்கார்ந்திருக்கிறார். வகுப்பில் அவர் எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் வரும், கைதட்டலைப் பார்த்து அல்ல. அது அவருக்கு எவ்வளவு பெரிய இளைப்பாறலாக இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். நோய் வந்தது, அதனால் மனம் மாறியது, பிறகு பிறருக்கு உதவத் தொடங்கினார் என்று சொன்னால் கதை அழகாக அமையும். ஆனால் நடந்தது அப்படி அல்ல. மிடோரி அண்ட் ஃபிரெண்ட்ஸ் என்ற அமைப்பை அவர் தொடங்கியது 1992-ல், நோய்க்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. 1970-களின் நடுவில் நியூயார்க் மாநகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது அரசுப் பள்ளிகளில் முதலில் வெட்டப்பட்டவற்றில் இசை, ஓவிய ஆசிரியர் வேலைகளும் உண்டு. பிறகும் வெட்டு தொடர்ந்தது. இசை வகுப்பு என்றால் என்ன என்றே தெரியாமல் ஒரு தலைமுறை அரசுப் பள்ளியைக் கடந்து வந்தது. மிடோரி முதலில் தானே வயலினோடு பள்ளிகளுக்குப் போய் வாசித்தார், பேசினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறகு அது தொடர் வகுப்புகளாக வளர்ந்தது. அதே பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் போவது, பல நாட்டு இசைகளைக் கேட்க வைப்பது, கையில் வாத்தியத்தைக் கொடுத்துக் கற்றுத்தருவது.

ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பிரபலமானவர்கள் பள்ளிக்கு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். மறுநாள் மேசை நாற்காலிகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், பிள்ளைகளும் திரும்பிவிடுவார்கள். மிடோரி கேட்டது மறுவாரம் என்ன, அடுத்த வருடம் என்ன என்ற கேள்வியை. இந்த அமைப்பின் ஆயுளே அதற்குச் சாட்சி, 30 வருடங்களைத் தாண்டிவிட்டது.

2001-ல் ஏவரி ஃபிஷர் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து, பெரிய கலைஞர்கள் எட்டிப் பார்க்காத அமெரிக்கச் சிற்றூர்களில் சிறு குழுவாக வாசிக்கும் அறை இசைக் கச்சேரி நடத்தும் இன்னொரு திட்டத்தை உருவாக்கினார். பிறகு இளைஞர் இசைக்குழுக்களோடு சில நாட்கள் தங்கி, சேர்ந்து ஒத்திகை பார்த்து, சேர்ந்து மேடையேறும் திட்டம். 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை அவரை அமைதித் தூதராக்கியது. விருதுகள் இன்னும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுவோம்.

அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார் தெரியுமா? அம்மாவின் மறுமணத்தில் 1988-ல் நியூயார்க்கில் பிறந்த ரியூ கோட்டோ. அவருக்கும் முதல் ஆசிரியர் அம்மாதான். ஏழு வயதில் சப்போரோவில், பகனினியின் முதல் கான்செர்ட்டோவோடு மேடையேறினார். அதன் பிறகு ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சி பத்து ஆண்டுகள் கேமராவோடு அவரைப் பின்தொடர்ந்து, அவர் வளர்வதை ஆண்டுக்கு ஒருமுறை ஆவணப்படமாகக் காட்டியது. ஒரு பிள்ளையின் பால்யம் முழுவதையும் நாடே பார்க்கிறது! கேட்கும்போதே எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் ரியூ போனது ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு, இயற்பியல் படிக்க. 2011-ல் பட்டம். கூடவே கராத்தே, அதில் கறுப்புப் பட்டை. பிறகு ஜப்பானில் பல்லாண்டு காலமாக ஓடும் ஓர் இசை நிகழ்ச்சியின் தொகுப்பாளராகவும் கொஞ்ச காலம் இருந்தார். வயலினை விடவில்லை.

வயலின்காரருக்கு விரல்தான் பிழைப்பு, அவரைக் கராத்தேக்கு அனுப்பலாமா என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோளை இறுக்காமல் கையை வீச வேண்டும், மூச்சும் அசைவும் ஒன்றாகப் போக வேண்டும், ஒரே அடவை ஆயிரம் தடவை செய்ய வேண்டும். அக்காவுக்கு வெளி உலகத்தின் கதவு இருபது வயதுக்கு மேல்தான் அகலத் திறந்தது, அதுவும் உடம்பு முறிந்த பிறகு. தம்பிக்கு அது சின்ன வயதிலேயே திறந்து கிடந்தது. ஒரே வீடு, ஒரே அம்மா. அக்கா பட்டது தம்பியின் வழியைக் கொஞ்சமாவது மாற்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மிடோரி இன்று ஆசிரியரும்கூட. லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யாஷா ஹைஃபெட்ஸ் பெயரிலான பேராசிரியர் பதவியில் பல ஆண்டுகள் இருந்தார். 2018 முதல் ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் கற்பிக்கிறார். சுமார் 160 மாணவர்களே படிக்கும் இடம், 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. நீங்கள் அனுப்பிய காணொளியில் வந்த ஹிமாரியும் பத்து வயதிலேயே சேர்ந்தது அங்கேதான். மிடோரி அங்குள்ள ஆசிரியர்களில் ஒருவர் என்பதே எனக்கு ஓர் ஆறுதல். அந்த வயதில் அப்படி ஒரு மேடையில் நின்றவர், அதற்குப் பிறகு என்ன வரும் என்று அறிந்தவர், அதே தாழ்வாரத்தில் நடந்துபோகிறார்.

அவர் வாசிக்கும் வயலினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் கிரிமோனா நகரில் குவார்னேரி டெல் ஜேசு 1734-ல் செய்தது. ஹயாஷிபரா அறக்கட்டளை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி அவருக்குக் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரி வயலின்களுக்கு முன்பு வைத்திருந்தவர்களின் பெயர் ஒட்டிக்கொள்ளும். இதன் பெயர் ஹூபர்மன். போலந்தில் பிறந்த பிரோனிஸ்லாவ் ஹூபர்மன் தன் 13-வது வயதில் வியன்னாவில் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை, பிராம்ஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசித்தவர். அவரும் நடு வயதில் கச்சேரிகளை ஒதுக்கிவைத்துவிட்டு பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். ஐரோப்பிய நாடுகள் சண்டையை விட்டு ஒன்றாக வேண்டும் என்று புத்தகம் எழுதினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு வேலை பறிக்கப்பட்ட யூத இசைக்கலைஞர்களைத் தேடித்தேடிச் சேர்த்து 1936-ல் பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழுவை நிறுவினார். அதில் இடம் கிடைத்ததால் உயிர் பிழைத்த குடும்பங்கள் உண்டு. இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக் அதுதான். அப்படி ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய மரம் இன்று மிடோரியின் தோளில்.

இன்னொரு டீ ஊற்றட்டுமா? கடைசியாக ஒன்று சொல்கிறேன். மியூசிக் ஷேரிங் என்று ஜப்பானில் அவர் நடத்தும் அமைப்பு பள்ளிகளுக்கு மேற்கத்திய இசையையும் ஜப்பானிய மரபு இசையையும் கொண்டுபோகிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளிகளில் வாத்தியம் கற்றுத்தருகிறது. 2006 முதல் இன்னொரு வேலையும் நடக்கிறது. இளம் கலைஞர்களைத் தேர்வு வைத்து எடுத்து, அவர்களோடு மிடோரியும் சேர்ந்து நால்வர் குழு ஒன்றை அமைப்பார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா, மங்கோலியா என்று ஆசிய நாடுகளுக்குப் போய்ப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களிலும் வாசிப்பார்கள். வயலினை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் பலர்.

நால்வர் குழுவில் தனி நாயகர் கிடையாது, கோல் பிடித்து நடத்துபவரும் கிடையாது. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து மற்றவர்கள் தொடங்க வேண்டும். ஒருவர் தயங்கினால் மூவரும் காத்திருக்க வேண்டும். டேங்கிள்வுட்டில் பெரிய இசைக்குழுவின் முன்னால் தனியாக நின்ற பிள்ளை இங்கே நால்வரில் ஒருவராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆசியப் பயணம் முடிந்தால் வேலை முடிந்துவிடாது. அந்த நால்வரும் மறுபடி ஜப்பானில் ஒன்றுகூடி, அங்குள்ள பள்ளிகளிலும் இல்லங்களிலும் வாசிக்கிறார்கள். தாங்கள் போன ஊர்களில் கண்டதைச் சபையில் சொல்கிறார்கள், பிறகு வில்லை எடுக்கிறார்கள்.